பென்சிலில் சுற்றிய ஒலிநாடா

றொரன்ரோவில் வாழும் என் தங்கையின் மகன் அண்மையில் ஓரிரவு தொலைபேசியில் அழைத்தான். அழைப்பதற்குச் சற்று முன்னர் எனக்கு ஒரு பாடலை அனுப்பியிருந்தான். பீற்றில்ஸ் குழுவினர் 1966 ஆம் ஆண்டில் ஒலிப்பதிவு செய்த 'டுமோரோ நெவர் நோஸ்' என்னும் பாடலின் முதலாவது முயற்சி அது.

"மாமா, தர்மபுரத்திலை நான் சைக்கிள் உழக்க உழக்க நீங்கள் இருந்து கேட்ட பாட்டு. ஞாபகம் இருக்கோ?"

"அதை மறப்பனோ?" என்றேன்.

"அந்தக் கசற்றின்ரை மற்றப் பக்கத்திலை தப்படிச்சுக்கொண்டு ஒரு தாத்தா பாடினவரெல்லே. அவரின்ரை பேர் என்ன மாமா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் செய்தித்தாள்களில் வேலை செய்தவன் நான். யார், எங்கே, எப்போது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடையில்லாத செய்தியை அச்சுக்கு அனுப்பக்கூடாது என்று எத்தனையோ இளைஞர்களுக்குப் பாடம் எடுத்தவன். அந்த மூன்றில் முதலாவது கேள்வியிலேயே தோற்றுப்போய்த் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்தத் தோல்வியே இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

தர்மபுரத்தை அறியாத வாசகர்களுக்காகச் சில வார்த்தைகள். பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் வீதியில், விசுவமடுவுக்கு முன்னர் வரும் ஊர் அது. கிளிநொச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. மலையகத்துத் தோட்டங்களிலிருந்து, குறிப்பாக 1977 ஆம் ஆண்டு வன்செயலின் பின்னர், உடுத்த உடையோடு வந்த பல குடும்பங்கள் காடு வெட்டிக் குடியேறிய பகுதி. 1995 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்திலிருந்து பெயர்ந்தவர்களில் ஒரு பகுதியினர் கிளாலிக் கடனீரேரியைக் கடந்து வன்னிக்கு வந்தபோது, அவர்களுக்கும் இந்த ஊர் இடங்கொடுத்தது. நானும் என் தங்கையின் குடும்பமும் அப்படி வந்தவர்கள்தான். முன்னர் துரத்தப்பட்டு வந்தவர்களின் வளவுகளில், பின்னர் துரத்தப்பட்டு வந்தவர்கள் கொட்டில் போட்டோம்.

எங்கள் கொட்டிலுக்கு அடுத்த கொட்டிலில் ஓர் ஆங்கில ஆசிரியர் இருந்தார். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து சுமந்து வந்த தகரப் பெட்டியில் புத்தகங்களுக்கு அடியில் பத்துப் பன்னிரண்டு கசற்றுகள் இருந்தன. அந்நாளில் வன்னிக்குப் பற்றறி கொண்டுவரத் தடை. மின்சாரம் இல்லை. ஆகவே சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாலோ காலாலோ சுழற்றி, டைனமோவிலிருந்து கம்பி இழுத்து வானொலி கேட்டோம். அதே வித்தையில் ரேப் ரெக்கோடரையும் ஓட்டினோம். உழக்குகிறவனுடைய கால் சோர்ந்தால் பாடகரின் குரலும் சோர்ந்து தாழும். பையன் உற்சாகமாக மிதித்தால் பாட்டும் நிமிரும். நாடாவைப் பின்னோக்கிச் சுற்றுவதற்கு மின்சக்தியை வீணாக்க மாட்டோம். கசற்றின் துளைக்குள் பென்சிலை நுழைத்துக் கையால் சுழற்றுவோம்.

அப்படி ஒரு மாலையில்தான் அந்தப் பாட்டைக் கேட்டேன். அப்போது பன்னிரண்டு வயதுப் பையனாக இருந்த மருமகன்தான் சைக்கிள் உழக்கினான். பாட்டுத் தொடங்கிச் சில நொடிகளில் கடற்பறவைகள் கீச்சிடுவதைப் போன்றதொரு ஒலி குறுக்கும் நெடுக்கும் பறந்தது. "கசற் சிக்கிப்போச்சு, நிற்பாட்டு" என்று நான் கத்தினேன். ஆசிரியர் சிரித்தார். "சிக்கவில்லை, பாட்டே அப்படித்தான்" என்றார்.

வேலிக்கு அப்பால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். மலையகத்துத் தோட்டமொன்றில் வாலிபக் காலத்தைக் கழித்தவர். தப்பு வாசிப்பவர். மாசி மாதத்துக் காமன் கூத்தில் ரதியின் புலம்பலைப் பாடுபவர். ஊரில் எல்லோரும் அவரைத் 'தப்புக்காரத் தாத்தா' என்றே அழைத்தனர். பாட்டு முடிந்ததும் அவர் சொன்னார்: "என்னாங்கய்யா இவனுங்க, சுருதியப் புடிச்ச எடத்துலயே நிக்கிறானுங்க, எறங்கவே மாட்டேங்கிறானுங்களே! நம்ம காமன் பாட்டும் இப்படித்தான் நிக்கும்."

மேல்நாட்டு இசை விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியதை அந்த மனிதர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார் என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே விளங்கியது.

அந்தப் பாட்டின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1964 இல் அமெரிக்காவில் திமோதி லியரி, ரால்ஃப் மெட்ஸ்னர், றிச்சட் அல்பேட் ஆகிய மூவர் ஒரு நூலை வெளியிட்டனர். இறந்தவரின் காதில் ஓதப்படும் திபெத்தியப் பௌத்த நூலொன்றை, எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருளின் அனுபவத்துக்கு வழிகாட்டியாக மாற்றி எழுதிய நூல் அது. ஜோன் லெனன் அதனை இலண்டனில் ஒரு புத்தகக் கடையில் வாங்கினார். எல்.எஸ்.டி.யையும் அவர் உட்கொண்டிருந்தார். அந்த நூலின் கருத்துக்களிலிருந்து பாட்டின் வரிகள் பிறந்தன. தலைப்போ, றிங்கோ ஸ்ரார் பேச்சுவாக்கில் உதிர்த்த ஒரு விநோதமான சொற்றொடர். பாரமான தத்துவத்தை இலேசாக்க லெனன் அதனை எடுத்துக்கொண்டார். 'சைக்கெடெலிக்' என்ற சொல்லையே ஹம்ஃப்ரி ஒஸ்மண்ட் என்ற மனநல மருத்துவர் 1956 இல்தான் கிரேக்கச் சொற்களைக் கொண்டு உருவாக்கினார். மனத்தை வெளிப்படக் காட்டுவது என்பது அதன் பொருள். நம்மூரில் உடுக்கோ தப்போ ஓங்கி ஒலிக்க, ஒருவர் உருவேறி ஆடுகிறாரே, அந்த அனுபவத்துக்கு மேல்நாட்டார் மிகவும் தாமதமாகப் பெயர் வைத்தார்கள் என்று சொன்னாலும் பிழையில்லை.

இங்கே ஒரு கட்டுக்கதையை உடைக்க வேண்டும். போதையில் மிதந்தவர்கள் மயக்கத்தில் செய்த பாட்டு இது என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். போதைப்பொருள் எங்கள் வடக்கிலும் வன்னியிலும் எத்தனை வீடுகளின் நிம்மதியைக் கெடுத்திருக்கிறது என்பதை அறிந்தவன் என்ற முறையில், இந்த நம்பிக்கையை அப்படியே விட்டுவிட என்னால் முடியாது. கற்பனைக்கு ஒரு பொறி எங்கிருந்தும் வரலாம். அந்தப் பொறியிலிருந்து மூன்று நிமிடங்களுக்குச் சற்றுக் குறைந்த ஒரு பாட்டை உருவாக்கியது வேலை. கண்ணும் காதும் தெளிவாக இருந்தவர்கள் செய்த வேலை.

1966 ஏப்ரல் 6 ஆம் திகதி இரவு, இலண்டன் அபி றோட்டில் அமைந்திருந்த ஈ.எம்.ஐ. ஒலிப்பதிவுக்கூடத்தில் அந்த வேலை தொடங்கியது. 'றிவோல்வர்' என்ற இசைத்தட்டுக்காகப் பதிவான முதற்பாட்டு அதுதான். தட்டில் அது இடம்பெற்றதோ கடைசிப் பாட்டாக. அன்றைய ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமெரிக்குக்கு வயது 20. பீற்றில்ஸ் குழுவினருக்குப் பொறுப்பான பொறியாளராக அவர் அமர்ந்த முதல் நாள் அது. தலாய் லாமா மலையுச்சியில் நின்று ஓதுவதைப் போலத் தன் குரல் கேட்க வேண்டும் என்று லெனன் கேட்டார். தன்னைக் கயிற்றில் தொங்கவிட்டு ஒலிவாங்கியைச் சுற்றி ஆட்டினால் சரிவருமா என்றுகூட யோசனை சொன்னாராம்! எமெரிக் அதற்கு வேறு வழி கண்டார். ஹம்மண்ட் ஓர்கனுக்குரிய, உள்ளே சுழலும் லெஸ்லி ஒலிபெருக்கியின் ஊடாக லெனனின் குரலைச் செலுத்தி, அந்த ஒலியை மீண்டும் பதிவு செய்தார். பாட்டின் பிற்பாதியில் குரல் சுழன்று சுழன்று தூரத்திலிருந்து வருவதற்குக் காரணம் அதுவே.

றிங்கோவின் பெரிய மேளத்துக்குள் கம்பளிச் சட்டையொன்றைத் திணித்து, வழமையைவிட மிகக் கிட்டத்தில் ஒலிவாங்கியை வைத்தார்கள். போல் மக்கார்ட்னி தன் வீட்டில் இருந்த ஒலிப்பதிவுக் கருவியில் அழிக்கும் முனையை இயங்காமற் செய்து, ஒலியின்மேல் ஒலியாகப் பதிந்த குறுநாடாக்களை வளையங்களாக ஒட்டிக்கொண்டு வந்தார். மறுநாள், ஏப்ரல் 7 ஆம் திகதி, அந்த வளையங்களைக் கட்டடத்தின் வெவ்வேறு அறைகளில் இருந்த இயந்திரங்களில் ஓடவிட்டனர். நாடா தொய்ந்துவிடாமல் இருப்பதற்காகத் தொழில்நுட்பப் பணியாளர்கள் அதனைப் பென்சில்களில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வந்து சேர்ந்த ஒலிகளை ஏற்றியும் இறக்கியும் கையாலேயே கலந்தார்கள். ஐந்து வளையங்கள் பாட்டில் இடம்பெற்றன. நான் 'கசற் சிக்கிவிட்டது' என்று நினைத்த கடற்பறவை, உண்மையில் வேகம் கூட்டப்பட்ட மக்கார்ட்னியின் சிரிப்பு.

பென்சிலைப் பற்றி முதன்முதலாக வாசித்தபோது எனக்குத் தர்மபுரம்தான் நினைவுக்கு வந்தது. உலகின் செல்வம் மிக்க இசை நிறுவனமொன்றின் கட்டடத்திலும், பற்றறிக்கு வழியில்லாத எங்கள் கொட்டிலிலும், ஒலிநாடாவைக் காப்பாற்றியது ஒரே பொருள்!

பாட்டின் அடிநாதத்தையும் சொல்லவேண்டும். ஜோர்ஜ் ஹரிசன் அப்போது இந்திய இசையில் ஆழ்ந்து ஈடுபட்டிருந்தார். பாட்டின் தொடக்கத்தில் எழும் தம்புரா ஒலி அந்த ஈடுபாட்டின் பயன். மேல்நாட்டுப் பாட்டுகள் ஒரு சுரக்கோவையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். இந்தப் பாட்டோ ஏறத்தாழ முழுவதும் 'சி' என்ற ஒரே தளத்தில், எம்மவர் கணக்கில் ஒரு கட்டைச் சுருதியில், நிலைகொண்டிருக்கிறது. சுருதிப் பெட்டியின் முன்னால் வளர்ந்த எங்களுக்கு இது புதுமையில்லை. தப்புக்காரத் தாத்தா வேலிக்கு அப்பால் நின்றபடி பிடித்துக்கொண்டது இதைத்தான்.

அவர் அப்படிச் சொன்ன சில நாட்களில் எனக்கு ஓர் ஆசை வந்தது. அவருடைய காமன் பாட்டைப் பதிவு செய்தாலென்ன? ஆசிரியர் அதே கசற்றின் மறுபக்கத்தைத் தந்தார். அதில் இருந்த ஆங்கிலப் பாட்டுகள் அழிந்தால் அழியட்டும் என்றார். பெருந்தன்மையான மனிதர். கசற்றின் விளிம்பில் உடைக்கப்பட்டிருந்த குழிக்குள் கடதாசியை மடித்து அடைத்தோம். வெயிலில் காயவைத்துச் சற்றே உயிரூட்டிய பழைய பற்றறிகளை ரெக்கோடரில் போட்டோம். பெரியவர் வைக்கோலைக் கொளுத்தித் தப்பைச் சூடுகாட்டினார். தோல் இறுகியதை விரலால் தட்டிப் பார்த்தார். சிவனின் நெற்றிக்கண்ணால் எரிந்த மன்மதனுக்காக ரதி அழுகின்ற அந்தப் புலம்பலைப் பாடத் தொடங்கினார். இருபது நிமிடங்களுக்கு மேல் பாடினார். பாட்டின் நடுவில் அவர் கண்கள் செருகிக்கொண்டன. வளவில் நின்ற பெண்கள் சிலர் விம்மினார்கள். தோட்டத்தையும் லயத்தையும் விட்டு ஓடிவந்தவர்களுக்கு அந்தப் புலம்பல் வெறும் புராணக் கதையாக இருந்திருக்க முடியாது.

பிறகு போட்டுக் கேட்டோம். பற்றறிகள் பலவீனமாக இருந்தபடியால் நாடா மெதுவாக ஓடிப் பதிந்திருக்கிறது. ஆகவே நல்ல வேகத்தில் ஓடவிட்டபோது அவரது குரல் ஓர் இளம் பெண்ணின் குரலைப் போல உயர்ந்து ஒலித்தது. "அடேங்கப்பா, இது நெசமாவே ரதி அழுவுற மாதிரியே இருக்கே!" என்று அவர் வாய்விட்டுச் சிரித்தார். இலண்டனில் நாடாவின் வேகத்தைத் திட்டமிட்டு மாற்றிப் புதுமை செய்தார்கள். எங்களுக்கு அது வறுமையின் தயவில் கிடைத்தது.

இது 1996 ஆம் ஆண்டின் பிற்பகுதி. அதே 1996 மார்ச்சில் 'அந்தொலொஜி 2' என்ற தொகுப்பில் 'டுமோரோ நெவர் நோஸ்' பாட்டின் முதலாவது முயற்சி உலகுக்கு வெளியிடப்பட்டது. முப்பது ஆண்டுகள் அது ஒரு பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. பாட்டுக்கு அப்போது பெயர் வைக்கப்படவில்லை. 'மார்க் 1' என்று பெயரிட்டுப் பதிந்திருக்கிறார்கள். எந்த நாள், எந்தக் கூடம், எத்தனையாவது முயற்சி, யார் பொறியாளர் என்பவை எல்லாம் எழுதிவைக்கப்பட்டிருந்தன. அந்த ஏடுகளையும் நாடாக்களையும் ஆராய்ந்தே மார்க் லூவிசன் என்ற ஆய்வாளர் பீற்றில்ஸ் குழுவினரின் ஒலிப்பதிவுகளை நாள் நாளாக விவரிக்கும் நூலை 1988 இல் வெளியிட்டார். இசைத்தட்டின் முதற்பிரதிகள் சிலவற்றில் இந்தப் பாட்டின் வேறொரு கலவை தவறுதலாக இடம்பெற்றுவிட்டது என்பதுகூடப் பதிவில் இருக்கிறது. தவறையும் எழுதி வைத்தார்கள்.

நான் என்ன செய்தேன்? கசற்றின் ஒரு பக்கத்தில் ஆசிரியர் அழகான எழுத்தில் 'றிவோல்வர்' என்று எழுதியிருந்தார். மறுபக்கத்தின் ஒட்டுத்தாள் வெறுமையாகவே இருந்தது. பிறகு எழுதலாம் என்று விட்டேன். சமாதான காலத்தில், 2003 இல், கொழும்பிலிருந்து தங்கையின் வீட்டுக்குப் போனபோது அதனை மீண்டும் ஒருமுறை போட்டுக் கேட்டேன். அப்போது பையில் இரண்டு பேனைகள் இருந்தன. அன்றும் எழுதவில்லை.

2009 ஜனவரியில் தர்மபுரம் வெறுமையானது. கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த மருத்துவமனையும், அதைச் சூழ்ந்திருந்த சனமும், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று கிழக்கு நோக்கி நகர்ந்தார்கள். அந்தப் பாதை முள்ளிவாய்க்காலில் போய் முடிந்தது. தங்கை அரிசியையும் காணி உறுதியையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் எடுத்துக்கொண்டாள். கசற்றுப் பெட்டியை அறையின் மூலையில் வைத்துவிட்டுப் போனாள். அதற்காக அவளை யார் குறை சொல்ல முடியும்? முகாமிலிருந்து ஊர் திரும்பியபோது கூரையும் இல்லை, பெட்டியும் இல்லை. அந்தப் பெரியவர் போருக்கு முன்னரே காலமாகிவிட்டார் என்கிறார் ஒருவர். இடப்பெயர்வின் போது வழியில் இறந்தார் என்கிறார் இன்னொருவர். பெயரைக் கேட்டால் இருவருமே 'தப்புக்காரத் தாத்தா' என்றுதான் சொல்கிறார்கள்.

நாடாவை அழித்தது போர். பெயரை அழித்தவன் நான். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, எல்லாப் பழியையும் போரின் தலையில் சுமத்திவிட்டுத் தப்பித்துக்கொள்வது எங்களில் பலருக்குப் பழகிப்போன காரியம். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 இல் எரிக்கப்பட்டபோது 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்தக் கொடுமையை நாம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆனால் எவனும் எரிக்காமல், எவனும் தடுக்காமல், நாமாகவே எழுதாமல் விட்டவற்றின் கணக்கை யார் பார்ப்பது?

அதற்கு அவசரம் மட்டுந்தான் காரணமா என்றும் என்னை நானே கேட்டுப் பார்த்தேன். அந்த ஆங்கில ஆசிரியரின் பெயரை நான் மறக்கவில்லை. அவருடைய தகப்பனாரின் பெயர், ஊர், படித்த பாடசாலை எல்லாம் தெரியும். எம்மவர் வீடுகளில் ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாள் 'கல்வெட்டு' என்று நினைவு மலர் அச்சடித்து, மூன்று தலைமுறை வம்சாவளியை அதில் பதிகிறோம். பெயரெழுதும் பழக்கம் இல்லாத சமூகமல்ல நாம். யாருடைய பெயரை எழுதுகிறோம் என்பதில்தான் கோளாறு. தோட்டத்திலிருந்து வந்தவர், அதுவும் தப்பு அடிப்பவர் என்றால், அவருக்குத் தொழிலே பெயராகப் போதும் என்று எங்கள் மனத்தின் ஏதோவொரு மூலை முடிவு செய்துவிடுகிறது. என் மனமும் அப்படி முடிவு செய்திருக்கிறது. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எழுதாமல் விடுவது அதைவிடக் கேவலம்.

இந்தக் குற்றத்தில் பீற்றில்ஸ் குழுவினரும் முற்றாக நிரபராதிகள் அல்லர். 'றிவோல்வர்' தட்டில் உள்ள 'லவ் யூ டு' என்ற பாட்டுக்குத் தபேலா வாசித்த அனில் பகவத்தின் பெயரை உறையில் அச்சிட்டார்கள். ஆனால் அடுத்த ஆண்டு, 1967 இல், 'விதின் யூ விதவுட் யூ' என்ற பாட்டில் வாசித்த இலண்டன் வாழ் இந்தியக் கலைஞர்களின் பெயர்கள் உறையில் இல்லை. அன்னா ஜோஷி, அம்ரித் கஜ்ஜார், புத்ததேவ் கன்சாரா, நட்வர் சோனி ஆகியோரின் பெயர்கள் பொதுவெளிக்கு வருவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்றது. ஆனாலும் வந்தன. தேடிப் பிடிப்பதற்கு அங்கே ஏதோவொரு நுனி மிஞ்சியிருந்தது. தர்மபுரத்தில் நான் அந்த நுனியையும் விட்டுவைக்கவில்லை.

"ஈ.எம்.ஐ.யிடம் பணம் இருந்தது, களஞ்சியம் இருந்தது, எங்களிடம் என்ன இருந்தது?" என்று சிலர் கேட்கக்கூடும். குளிரூட்டிய களஞ்சியத்துக்குப் பணம் வேண்டும் என்பது உண்மை. ஒட்டுத்தாளில் ஒரு பெயரை எழுத வேண்டியது ஒரு பேனை மட்டுமே. அந்தப் பெயரை எழுதியிருந்தால், கசற் போன பின்னும் 'இன்ன பெயருடைய ஒருவர் இன்ன ஊரில் ரதியின் புலம்பலைப் பாடினார்' என்ற ஒரு வரி என் நினைவிலாவது தங்கியிருக்கும். கையால் எழுதியது மனத்திலும் பதியும் என்பது பழைய பத்திரிகைக்காரர்களின் அனுபவம்.

எங்கள் பொப்பிசையை எடுத்துக்கொள்ளுங்கள். நித்தி கனகரத்தினத்தையும் ஏ. ஈ. மனோகரனையும் ஈழத்தவர் எல்லோரும் அறிவார்கள். கல்யாண வீடுகளில் இன்றும் அவர்களின் பாட்டுகளுக்கு ஆடுகிறார்கள். அந்தப் பாட்டுகளுக்குக் கிற்றார் வாசித்தவர், டிறம்ஸ் அடித்தவர், ஒலிப்பதிவு செய்தவர் ஆகியோரின் பெயர்களைச் சொல்லக்கூடியவர்கள் எங்களில் எத்தனை பேர்? வன்னியில் போர்க்காலத்தில் பதிவான எத்தனையோ பாட்டுகளுக்கும் இதே கேள்வி பொருந்தும். அவற்றின் அரசியலை ஏற்பவரும் மறுப்பவரும் இருக்கலாம். வாசித்தவனின் பெயர் வரலாற்றுக்கு வேண்டும் என்பதில் இரு தரப்பாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க நியாயமில்லை.

ஆகவே வாசகர்களிடம், சிறப்பாகப் புலம்பெயர்ந்து வாழும் உறவுகளிடம், ஒரு வேண்டுகோள். இலண்டனிலும் பாரிஸிலும் றொரன்ரோவிலும் சிட்னியிலும் உங்கள் வீட்டு நிலவறைகளில் பழைய கசற்றுகள் கிடக்கின்றன. கப்பலிலும் விமானத்திலும் ஊரிலிருந்து வந்தவை. அம்மம்மா கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பியவை, கோயில் திருவிழாவில் பதிந்தவை, கூத்துகள், செத்தவீட்டு ஒப்பாரிகள். காந்த நாடா நிரந்தரமானதல்ல. ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் பூச்சு உதிரும், ஒட்டிக்கொள்ளும். ஓடக்கூடிய கருவி கிடைக்கும்போதே அவற்றைக் கணினிக்கு மாற்றுங்கள். மாற்றும்போது கோப்புக்கு 'ஓடியோ 1' என்று பெயரிட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். பாடியவர் யார், வாசித்தவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன சந்தர்ப்பம், அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் யார் என்ற ஆறு விவரங்களையும் எழுதுங்கள். ஆண்டு நிச்சயமில்லையா? 'இடப்பெயர்வுக்கு முந்திய மாசி' என்றாவது எழுதுங்கள். உரியவர்களின் சம்மதத்தைக் கேட்டு, ஒரு பிரதியை நூலகம் நிறுவனம் போன்ற பொது ஆவணகத்திடம் சேர்ப்பியுங்கள். 2005 இல் தொடங்கிய அந்த முயற்சி இன்று அச்சு நூல்களோடு வாய்மொழி வரலாறுகளையும் சேகரிக்கிறது.

ஊரில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இன்று தர்மபுரத்தில் ஒவ்வொரு இளைஞனின் சட்டைப்பையிலும் ஒரு கைத்தொலைபேசி உண்டு. 1966 இல் அபி றோட்டில் இருந்தது நான்கு தடங்களில் பதியும் இயந்திரம். வசதியைப் பொறுத்தவரை உங்கள் கையில் இருப்பது அதனிலும் பெரியது. காமன் கூத்து நடந்தால் பதிவு செய்யுங்கள். முடிந்ததும் ஒலிவாங்கியைப் பாடியவரிடம் நீட்டி, "ஐயா, உங்கள் முழுப்பெயரைச் சொல்லுங்கோ" என்று கேளுங்கள். அவர் தன் வாயால் தன் பெயரைச் சொல்லட்டும். அதுவும் பதிவிலேயே இருக்கட்டும்.

மருமகனுக்கு அன்றிரவு நான் உண்மையைச் சொன்னேன். "தெரியாதடா. நான் கேட்கேல்லை" என்றேன். சற்று நேரம் அவன் பேசவில்லை. பிறகு, "அந்தப் பாட்டிலை முதல் ரண்டு மூண்டு அடி எனக்கு மெட்டோடை ஞாபகம் இருக்கு மாமா" என்றான். பாடிக் காட்டச் சொன்னேன். பாடினான். சைக்கிள் உழக்கிய பையனுக்கு இப்போது நாற்பது வயது கடந்துவிட்டது. சுருதி சற்று விலகித்தான் இருந்தது. ஆனாலும் அது காமன் பாட்டேதான்.

இம்முறை நான் பேனையை எடுத்தேன். மருமகனின் பெயரை எழுதினேன். திகதியையும் 'றொரன்ரோ, தொலைபேசி வழியாக' என்பதையும் எழுதினேன். 'கற்றது: தர்மபுரம், 1996' என்று எழுதினேன். 'யாரிடமிருந்து' என்ற இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். அவரை அறிந்த எவரேனும், அவருடைய பேரப்பிள்ளைகள் எவரேனும், இந்தக் கட்டுரையை வாசிக்க நேர்ந்தால், அந்த இடத்தை நிரப்ப எனக்கு உதவுங்கள். அந்தக் கடனை அடைக்காமல் போக எனக்கு மனமில்லை.